சிவப்பு யாருடையது, செருப்பு யாருக்கு?

மேடைக்கு வருபவர் வாய் திறக்கும் முன்பே அவர் யாரென்று உடை சொல்லிவிட வேண்டும் என்பது பழைய எதிர்பார்ப்பு. எந்த விதியின்படி அது சொல்கிறது என்ற கேள்விக்கும் அதே வயதுதான். சிவப்புக்குக் கோபம் என்று பொருள் வந்தது சாஸ்திரத்தாலா, சாயத்தாலா, சனங்களின் பழக்கத்தாலா? ராஜா வேடத்துக்குக் காலில் எதையாவது மாட்டிவிடுகிறோமே, ஆடுபவருக்கு ஏன் சலங்கை மட்டும்? இந்தக் கேள்விகளுக்கு இதுவரை வந்துள்ள பதில்களைச் செட்டிநாட்டையும் அதன் அக்கம்பக்கத்தையும் வைத்து இக்கட்டுரை உரசிப் பார்க்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், மானாமதுரை என்று ஒரு நாளில் சுற்றிவிடக்கூடிய பரப்பு இது. இதற்குள் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம், கருப்பர் கோயில் சாமியாட்டம், ஆற்றில் இறங்கும் அழகர், பால்குட ஊர்வலம் எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் சினிமா ஸ்டுடியோவும் இருந்தது. ஒரே நிறம் இவை ஒவ்வொன்றிலும் வேறு வேறு வேலை பார்க்கிறது. காலணியும் அப்படித்தான். ஆனால் நிறத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், காலணியைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. கவனம் தவறான பக்கம் சாய்ந்துவிட்டதோ என்று ஐயப்பட இந்த வட்டாரம் இடம் தருகிறது.

சாஸ்திரத்தின் பட்டியல்

முதல் நிலைப்பாடு நாட்டிய சாஸ்திரத்திலிருந்து வருவது. அதன் ஆறாம் அத்தியாயம் எட்டுச் சுவைகளுக்கு எட்டு நிறங்களை ஒதுக்குகிறது. சிருங்காரத்துக்குச் சியாமம், நகைக்கு வெண்மை, அவலத்துக்குப் புறா நிறம், வெகுளிக்குச் சிவப்பு, வீரத்துக்குப் பொன்னிறம், அச்சத்துக்குக் கருப்பு, அருவருப்புக்கு நீலம், வியப்புக்கு மஞ்சள். நடன வகுப்பிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ ‘இந்த வேஷத்துக்கு என்ன கலர்?’ என்ற கேள்வி எழுந்தால், பதிலில் இந்தப் பட்டியலின் நிழல் எங்காவது விழுந்திருக்கும்.

இதை ஏற்பவர்களுக்குக் கதகளி நல்ல சாட்சி. பச்சை முகம் உயர்ந்த நாயகனுக்கு, சிவப்புத் தாடி மூர்க்கனுக்கு, கரி அரக்கியருக்கு என்று அங்கே வகைகளின் பெயரே நிறத்தில் இருக்கிறது. வட தமிழகத்துக் கூத்தில் துரியோதனன் பொதுவாகச் சிவந்த முகத்தோடு திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்படுவதையும் இதோடு சேர்ப்பார்கள்.

சிக்கல் அந்த நூலுக்குள்ளேயே தொடங்குகிறது. ஒப்பனையையும் உடையையும் பேசும் பகுதிக்கு வந்தால், அதே நிறங்கள் சுவையை விட்டுவிட்டுப் பாத்திரத்தின் நாட்டையும் குலத்தையும் குறிக்கத் தொடங்குகின்றன. திராவிடர் உள்ளிட்ட தென்னாட்டார் பெரும்பாலும் கரிய நிறத்தில் வர வேண்டும் என்கிறது அது. அப்படியானால் தென்னாட்டு வீரன் ஒருவனுக்கு வீரத்தின் பொன்னிறமா, பிறந்த மண்ணின் கருநிறமா? இரண்டு விதிகள் மோதும் இடத்தில் எது வெல்லும் என்பதைக் கலைஞர்கள்தான் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெளியே போனால் சிக்கல் இன்னும் பெரிது. சீனத்துப் பீக்கிங் ஆப்பராவில் குவான் யூவின் செம்முகம் விசுவாசத்தின் அடையாளம். அங்கே நம்பக் கூடாதவன் சாவ் சாவ், அவன் முகம் வெள்ளை. சிவப்பு தன்னியல்பாகவே கோபத்தைக் குறிக்கிறது என்ற வாதம் இதற்கு மேல் நிற்காது.

தமிழ்ப் பக்கம் திரும்பினால், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடையின் நீள அகல உயரங்களைக் கோல் கணக்கில் சொல்கிறது, மூவகை எழினியைச் சொல்கிறது, தூணின் நிழல் அவையில் விழாதபடி விளக்கு வைப்பதைக்கூடச் சொல்கிறது. இவ்வளவு நுணுக்கம் பார்த்த காப்பியம் ஆடுபவளின் உடை நிறத்துக்கு அப்படி ஒரு விதியை வகுக்கவில்லை. ஒரு நூல் சொல்லாமல் விட்டதை வைத்து அன்று விதியே இல்லை என்று முடிவு கட்டுவது சரியில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது வழக்கமாகவும் இருந்திருக்கலாம்.

வெளிச்சமும் டிரங்குப் பெட்டியும்

இரண்டாவது நிலைப்பாடு நடைமுறைக்காரர்களுடையது. நிறத்தைத் தீர்மானிப்பது விளக்கும் கைக்குக் கிடைக்கும் பொருளும்தான் என்பார்கள் இவர்கள். எண்ணெய் விளக்கு, தீவட்டி, பெட்ரோமாக்ஸ் ஆகியவற்றின் மஞ்சள் சார்ந்த ஒளியில் சிவப்பும் பொன்னும் தூக்கி நிற்கும், நீலம் அடங்கிக் கருப்போடு போய்ச் சேரும். முகத்துக்கு அரிதாரம், முத்துவெள்ளை, செந்தூரம், கரி. இந்த நான்கைந்துக்குள்தான் எல்லா வேடமும் பிறந்தாக வேண்டும். பின்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டுமென்றால் ராஜாவுக்குச் சிவப்பும் சரிகையும் போவது இயல்பு. தத்துவம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்பது இவர்கள் கட்சி.

தெற்குச் சீமையின் நாடக வரலாறு இதற்குக் கணிசமாகத் துணை நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுற்றிவந்த பார்சி கம்பெனிகள் வெல்வெட்டையும் சரிகையையும் தீட்டிய திரைகளையும் பழக்கப்படுத்தின. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் மேடையேற அது வழிவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். இப்படிப்பட்ட சிறுவர் கம்பெனிகளில் உடைப்பெட்டி கம்பெனிக்குச் சொந்தம். யாருக்கு எந்த நிறம் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய முடிந்தது.

ஸ்பெஷல் நாடகத்தில் அது முடியாது. இங்கே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்சர் எல்லோரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் மனப்பாடம், ஆர்மோனியம் சுருதி கொடுத்தால் போதும். உடை அவரவர் பெட்டியிலிருந்து வருகிறது. வள்ளி திருமணத்தில் வள்ளி பச்சைச் சேலையில் வந்தால் அது தினைப்புனத்தின் குறியீடு என்று ஒரு விமர்சகர் அழகாக எழுதிவிடலாம். அதே இரவில் முருகனாக வருபவரும் பச்சை வெல்வெட்டையே எடுத்து மாட்டிக்கொண்டு வந்தால் அந்தக் குறியீட்டை யார் தலையில் கட்டுவது? மேடையேறும்வரை ஒருவர் உடை இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமே இந்த முறையில் இல்லை. இந்த நாடகத்தைப் பற்றி விரிவாக ஆய்ந்து 2005இல் நூல் வெளியிட்ட சூசன் சைசரின் கவனமும் நிறத்தின் மேல் இல்லை. நடிகையர் மேல் சமூகம் சுமத்தும் பழியும், அதை அவர்கள் மேடையிலும் வெளியிலும் சமாளிக்கும் விதமும்தான் அவருக்கு முதன்மை.

ஆனாலும் நடைமுறை வாதம் ஓரிடத்தில் தடுமாறும். பெட்டியில் இருப்பதெல்லாம் மேடைக்கு வருவதில்லை. கல்யாணக் காட்சிக்கு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு எந்த ஸ்திரீபார்ட்டும் வரமாட்டார், வெளிச்சத்தில் அது எவ்வளவு எடுப்பாகத் தெரிந்தாலும். மயான காண்டத்து அரிச்சந்திரன் சரிகை அங்கியோடு சுடலை காத்தால் கூட்டம் சிரித்துவிடும். எது வேண்டும் என்பதில் விதி தளர்ந்திருக்கிறது, எது கூடாது என்பதில் இறுகியே இருக்கிறது. பட்டியல் போட்ட சாஸ்திரமும் பெட்டியைத் திறந்து காட்டிய நடைமுறையும் இதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

ஊர் படிக்கும் நிறம்

மூன்றாவது நிலைப்பாடு பொருளைப் பார்வையாளரிடம் கொண்டுபோய் வைக்கிறது. இதற்குச் சித்திரைத் திருவிழாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது உடுத்திவரும் பட்டின் நிறம் அந்த ஆண்டின் பலனாக வாசிக்கப்படுகிறது. பச்சை என்றால் செழிப்பு, மஞ்சள் என்றால் மங்கலம், சிவப்பு என்றால் கலக்கம். நிறத்தை யாரும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, பெட்டியிலிருந்து கைக்கு வருவதே அன்றைய பட்டு என்பது நம்பிக்கை. உடையமைப்பாளர் என்று ஒருவரே இல்லாமல், லட்சக்கணக்கானவர் ஒரே நேரத்தில் ஓர் உடையின் நிறத்துக்குப் பொருள் சொல்லும் நிகழ்வு இது. மானாமதுரையில் வீர அழகர் இதே வைகையில் இறங்குகிறார்.

இதே வட்டாரத்தில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பவர்கள் உடுத்துவது மஞ்சளும் சிவப்பும். அங்கே சிவப்பு அம்மனின் அருள். ஆற்றங்கரையில் கலக்கமாக இருந்த நிறம் மாரியம்மன் சன்னதியில் காப்பாக மாறிவிடுகிறது. இரண்டு விழாவுக்கும் போகிறவர்கள் ஒரே சனம்தான். அவர்களுக்கு இதில் முரண் எதுவும் தெரிவதில்லை, ஏனென்றால் நிறத்தை அவர்கள் தனியாகப் படிப்பதில்லை. யார் உடுத்தியிருக்கிறார், எந்த இடம், எந்த நாள் என்பதோடு சேர்த்தே படிக்கிறார்கள்.

இந்தப் பார்வைக்கும் ஒரு குறை உண்டு. பார்வையாளரே எல்லாம் என்று விட்டுவிட்டால், ஒரே உடை ஏன் சில பொருள்களை மட்டும் ஏற்கிறது என்பதற்குப் பதில் கிடைக்காது. கண்டாங்கியை எடுத்துக்கொள்வோம். அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு என்று கட்டம் போட்டு அகலக் கரை வைத்த காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பின்கொசுவம் வைத்துக் கட்டினால் கால் வீசி நடக்கலாம், கும்மி அடிக்கலாம். இன்றைய மேடையில் கண்டாங்கி வந்தால் ‘கிராமத்துப் பெண்’ என்று பொருள். ஆனால் அதைக் கட்டியவர்களில் பர்மா தேக்கில் தூண் நிறுத்திய வீடுகளின் ஆச்சிமார்களும் உண்டு. இன்னொரு பக்கம், அழகர் கோயிலிலிருந்து மதுரைக்குப் புறப்படும் பெருமாள் கள்ளர் திருக்கோலத்தில் உடுத்துவதும் கண்டாங்கிப் பட்டே. பணக்கார வீட்டு ஆச்சி, மாறுவேடத்துப் பெருமாள், நாடகத்துக் கிராமத்துப் பெண் என்று மூவரையும் ஒரே துணி தாங்குகிறது. ‘மண்வாசனை’ என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடும் மேடை உடைகள் பாதிப் பொருளைத் தொலைத்துவிடுகின்றன என்பது என் கணிப்பு.

நிறம் இல்லாமல் போன காலம்

சினிமா இந்த விவாதத்தில் ஒரு தற்செயல் பரிசோதனை. ஏவி. மெய்யப்பன் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ அமைத்து எடுத்த ‘நாம் இருவர்’ 1947இல் வந்தது. குமாரி கமலாவின் நடனங்கள் பெரிதும் பேசப்பட்டன. கருப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பலாக விழக்கூடும். நிறத்தில்தான் பொருள் என்றால் இந்தப் படங்கள் பாதி ஊமையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கரையின் அகலம், துணியின் பளபளப்பு, நகை, நடை ஆகியவை அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

எதிர்ச்சான்றும் உண்டு. 1959 மே மாதத்தில் இரண்டு பாளையக்காரர் படங்கள் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வண்ணத்தில். சிறுகூடல்பட்டிக்காரரான கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ கருப்பு வெள்ளையில். பின்னதன் நாயகர்களான மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்டது இதே மாவட்டத்துத் திருப்பத்தூரில். ஆயினும் இன்று தமிழ்நாட்டின் எந்தப் பள்ளி மாறுவேடப் போட்டியிலும் சட்டென்று அடையாளம் தெரிவது கட்டபொம்மன்தான். சிவாஜி கணேசனின் வசனத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு, வண்ணத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

காலில் இருப்பதும் இல்லாததும்

இனி கால். தமிழின் மிகப் பழைய ஆடல் பட்டியல்களில் ஒன்று காலில் மாட்டும் பொருளின் பெயரையே ஓர் ஆடலுக்கு வைத்திருக்கிறது. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களில் மாயவள் ஆடிய மரக்கால் அது. பாம்பும் தேளுமாக வந்த அவுணரை மரக்காலால் மிதித்து ஆடியது கதை. அங்கே அது ஆயுதம், பாதுகாப்பு, தெய்வத்தின் உயரம் எல்லாமும் ஆகிறது. பொய்க்கால் குதிரையில் ஆடுபவர் காலில் கட்டும் கட்டையை இந்த மரக்காலின் தொடர்ச்சி என்று சிலர் கொள்வர். தஞ்சை மராத்தியர் காலத்து வரவு என்பது மற்றவர் கருத்து. இரண்டும் முழுதாக நிறுவப்பட்டதாகச் சொல்ல முடியாது.

அதே காப்பியத்தின் கடலாடு காதை மாதவியின் காலை அலங்கரிக்கும்போது நூபுரம், பாடகம், சதங்கை என்று அணிகளை அடுக்குகிறது. செருப்பு இல்லை. ஆடும் கால் ஒலிக்க வேண்டிய கால். வெறுங்காலுக்குத் தரப்படும் விளக்கங்களில் இந்தத் தொழில்நுட்ப விளக்கம் ஒன்று: தரையைத் தட்டும் உள்ளங்காலுக்கும் சலங்கைக்கும் நடுவே தோல் நுழைந்தால் தாளம் மழுங்கும். இன்னொன்று தூய்மை விளக்கம்: மேடை அம்மன் சன்னதியைப் பார்த்து நிற்கிறது, கலைஞர் ஏறும்போது அதைத் தொட்டு வணங்குகிறார், அங்கே செருப்புக்கு இடமில்லை.

இரண்டும் நியாயமான விளக்கங்களே. ஆனால் கருப்பர் கோயிலுக்குப் போனால் தூய்மை விளக்கம் தலைகீழாகிறது. சல்லடமும் கச்சையும் கட்டி, அரிவாளோடு அருள் வந்து நிற்கும் சாமியாடிகளில் சிலர் ஆணி அடித்த பாதக்குறட்டின் மேல் ஏறி நின்று குறி சொல்வார்கள். சுற்றி நிற்கும் அத்தனை பேரும் செருப்பைக் கோயிலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தவர்கள். அந்த எல்லைக்குள் காலில் ஏதாவது அணிந்திருப்பவர் சாமி ஒருவர்தான். ஆணி நுனியில் பதிந்த பாதத்தில் ரத்தம் வராதது அருளுக்குச் சாட்சியாகிறது. சாலையோரக் காவல் தெய்வச் சிலைகள் சிலவற்றின் காலில் செருப்போ பூட்ஸோ இருப்பதும் இதோடு பொருந்துகிறது. இரவில் ஊரைச் சுற்றிவருபவருக்கு அது தேவை என்பது பக்தர் கணக்கு. ஆகவே இங்கே விதி ‘புனித இடத்தில் செருப்பு கூடாது’ என்பதைவிட நுட்பமானது. யாருக்குக் கூடும், யாருக்குக் கூடாது என்பதே அதன் சாரம்.

அந்த ‘யார்’ மேடைக்கு வெளியே கொடுமையான முறையில் வரையறுக்கப்பட்டிருந்தது. 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளை மானிடவியலாளர் ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழே ஆடை இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது, பெண்கள் பூச்சூடக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில் ஆண்கள் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது என்பதும் இருக்கிறது. அடுத்த ஆண்டு தடைகள் பெருகின. காரைக்குடிப் பகுதி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது, 1985இல்தான் பிரிந்தது. தெருவில் ஒருவர் காலில் செருப்பிருந்தால் அடி விழக்கூடிய அதே பத்தாண்டுகளில், ஊர்ப் பொட்டலில் ராஜபார்ட் சரிகையும் காலணியுமாக அரியணை ஏறினார். அந்தக் காலணியை முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே விதமாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நாட்டிய சாஸ்திரத்தின் நிறப்பட்டியலை மேற்கோள் காட்டும் எத்தனையோ கட்டுரைகள் இந்த உடைப்பட்டியலின் பக்கம் வருவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ராமாயண மேடையில் பாதுகை இன்னொரு திருப்பம் கொடுக்கிறது. காலில் இருக்கும்போது வெறும் பாதுகை, பரதன் தலையில் ஏறியதும் அரசு. காரைக்குடியை ஒட்டிய அரியக்குடிப் பெருமாள் கோயிலில் சடாரி தலையில் வைக்கப்படும்போது பக்தர் ஏற்பதும் பெருமாளின் திருவடியையே. உடைப் பொறுப்பாளருக்கு ராமன் கதையில் ஒரு வேலை இருக்கிறது: பாதுகையைக் கொடுத்தபின் ராமன் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். அரிச்சந்திரனும் அப்படித்தான், நாடு போனபின் காலில் எதுவும் மிஞ்சக் கூடாது. நிறம் மாறினாலும் மாறாவிட்டாலும் வீழ்ச்சி காலில் தெரிந்தாக வேண்டும்.

பிற நாடுகளில் காலணி இவ்வளவு கவனிப்பாரற்றுக் கிடக்கவில்லை. பீக்கிங் ஆப்பராவின் தடித்த வெண் அடிப் பூட்ஸ் தளபதியையும் அதிகாரியையும் உயர்த்திக் காட்டுகிறது. கிரேக்கச் சோக நாடகத்தின் கொதோர்னஸ் தொடக்கத்தில் மென்மையான சாதாரணக் காலணிதான், தடித்த அடி பின்னால் வந்தது என்பது இன்று ஆய்வாளரிடையே பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. அடியின் தடிமன் எந்த நூற்றாண்டில் கூடியது என்று அவர்கள் பானை ஓவியங்களை வைத்து வாதாடியிருக்கிறார்கள்.

தீராதவை

நிறத்தைப் பொறுத்தவரை ஓரளவு தெளிவு வந்துவிட்டது எனலாம். தனித்த நிறத்துக்கு நிலையான பொருள் உண்டு என்ற வாதம் வலுவிழந்திருக்கிறது. இன்ன நேரத்தில் இன்ன நிறம் ஆகாது என்ற விலக்குகள் மட்டும் உறுதியாக நிற்கின்றன. இவற்றை மேடைவாரியாகத் தொகுத்தால் எட்டுச் சுவைப் பட்டியலைவிட நடிகருக்குப் பயன்படும். எல்இடி விளக்குகள் வந்தபின் நீலமும் ஊதாவும் இரவில் முன்னைவிட நன்றாக எடுபடுகின்றன. விளக்குதான் நிறத்தைத் தீர்மானித்தது என்பவர்களின் வாதம் உண்மையானால் வெல்வெட் அங்கிகளின் நிறம் இனி மெல்ல மாற வேண்டும். மாறுகிறதா என்று இன்னும் சில ஆண்டுகள் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

காலணியில் அடிப்படைத் தகவலே திரட்டப்பட வேண்டியிருக்கிறது. ராஜபார்ட்டின் காலணி பார்சி மேடை வழியாக வந்ததா, பாளையக்காரர் அரண்மனை வழியாகவா, செட்டிநாட்டு வீட்டு முகப்புகளில் சுதையாக நிற்கும் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாயிடமிருந்தா? ஒவ்வொன்றுக்கும் சாயல் சான்று உண்டு, தீர்க்கமான சான்று இல்லை. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. 1930களில் இந்த மாவட்டத்தில் ராஜபார்ட் கட்டியவர்களில் தெருவில் செருப்பு மறுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் இருந்தார்களா? இருந்தால், அவர்கள் கால் மேடையில் எப்படி இருந்தது? பழைய நாடக நோட்டீஸ்கள், கம்பெனிக் கணக்குப் புத்தகங்கள், குழுவாக எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றில் தேடலாம். நோட்டீஸில் நடிகர் பெயரும் வேடமும் இருக்கும். கணக்கில் துணிக்கும் சரிகைக்கும் செலவு இருக்கும். செருப்புக்கும் பூட்ஸுக்கும் தனிச் செலவு எழுதியிருந்தால், அது யார் அளவுக்கு வாங்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம்.